லேட்டாக ஓடும் ரயிலில் நேரத்துக்குப் போய்ச் சேருவது எப்படி?

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள். ரயிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேலை தேடுவதோ, வீடு கட்டுவதோ, பெண் எடுப்பதோ, எதுவானாலும் ரயில் கடைசியாக நிற்கும் ஊரில் செய்யுங்கள். ஒரு ரயில் நேரத்துக்கு வந்ததா என்பதை நம் ரயில்வே கடைசி ஸ்டேஷனில் வைத்துத்தான் கணக்குப் பார்த்துவந்திருக்கிறது. அங்கேயும் 15 நிமிடம் வரை தாமதம், தாமதம் ஆகாது. வழியில் உள்ள ஊருக்கு இரண்டு மணி நேரம் பிந்தி வந்து, உங்களை அழைத்துப்போக வந்த மாமனாரை நடுராத்திரியில் கொசுவுக்குக் காவு கொடுத்துவிட்டு, கடைசி ஊரில் சமர்த்தாகப் போய் நின்றுவிட்டால் அந்த வண்டி நல்ல பிள்ளைதான். மாமனார் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

மாப்பிள்ளையின் பொருமல் என்று இதை ஒதுக்க வேண்டாம். ரயில்களின் நேரந்தவறாமையை ஆராய்ந்த சி.ஏ.ஜி. (மத்திய தணிக்கைத் துறை) அறிக்கையே இந்த அளவுகோலைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. இவ்வளவு தாராளமாக மதிப்பெண் போட்டும், 2012-13இல் 79 சதவீதமாக இருந்த மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் நேரந்தவறாமை 2018-19இல் 69.23 சதவீதத்துக்கு இறங்கியதாக அதே அறிக்கை சொல்கிறது. வண்டி எப்படி வந்தாலும் புள்ளிவிவரம் தசமப் புள்ளி பிசகாமல் வந்துவிடுகிறது.

அடுத்து, டைம்டேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். போகிற வண்டியையும் வருகிற வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும், அதில்தான் சூட்சுமம். எழும்பூரிலிருந்து தெற்கே கிளம்பும் வண்டிக்குத் தாம்பரம் ஏறக்குறைய அரை மணி. அதே வண்டி ஊரிலிருந்து திரும்பி வரும்போது, தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல் நேரம் போட்டிருக்கும். இடையில் தண்டவாளம் நீண்டுவிடவில்லை. நூறு பேர் பந்திக்கு நூற்றிருபது இலை சொல்லிவைப்பதுபோல, வழியெல்லாம் விட்ட நேரத்தைக் கடைசியில் பிடித்துக்கொள்ளக் கைவசம் கொஞ்சம் நிமிடங்களை வைத்திருக்கிறார்கள். ஆக, தாமதமும் டைம்டேபிளுக்குள்ளேயே அச்சாகியிருக்கிறது. படிக்கத் தெரியாத நாம்தான் அதைக் காலை 5 மணி என்று வாசிக்கிறோம்.

வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். சூப்பர்ஃபாஸ்ட் என்றால் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டராவது ஓட வேண்டும் என்பது இலக்கணம். சி.ஏ.ஜி. எண்ணிப் பார்த்த 478 சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளில் 123 வண்டிகளுக்கு டைம்டேபிளிலேயே அந்த வேகம் கிடையாது. ஆனால் சூப்பர்ஃபாஸ்ட் கட்டணம் உண்டு. அந்தக் கட்டணம் மட்டும் ஒருநாளும் லேட்டானதில்லை.

தூரம் அதிகமுள்ள வண்டியில் நடுவழியில் ஏறவே ஏறாதீர்கள். அசாமின் திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர் ஓடுகிறது. மூன்று ராத்திரியைத் தாண்டிய பயணம். மூன்றாம் நாள் அதற்காகக் காத்திருப்பவர், முதல் நாள் அசாமில் யாரோ இழுத்த சங்கிலிக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் தண்டவாளத்தில் ஒரு முறை உண்டு; ரயில்வேக்காரர்கள் ‘பாத்’ என்பார்கள். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். ஒரு நிமிடம் நகர்ந்து டீ குடித்துவிட்டு வந்தால் இடம் போய்விடும். பிந்திய வண்டியை லூப் லைனில் ஒதுக்கி, நேரத்துக்கு வருகிற வண்டியை முன்னால் அனுப்புவார் கன்ட்ரோலர். அதில் இன்னும் பிந்தும். அடுத்த ஸ்டேஷனில் இன்னொரு வண்டிக்கு வழிவிடும். வந்தே பாரத் சீறிக்கொண்டு கடக்கும்போது கை காட்டலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படி நிற்கும்போது உங்கள் பெட்டியில் ஒருவர் வாய் திறப்பார். எல்லாப் பெட்டியிலும் ஒருவர் இருப்பார். “கவலையே படாதீங்க சார், ராத்திரியில மேக்கப் பண்ணிடுவான்.” அவரை நம்ப வேண்டாம், ஆனால் எதிர்த்துப் பேசவும் வேண்டாம். அவரிடம் புளியோதரை இருக்கும்.

டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பக்கம் காலை நேர்முகத்தேர்வு, நிச்சயதார்த்தம், கோர்ட் வாய்தா எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பனிமூட்டத்தில் சிக்னல் தெரியாது. சிக்னல் நெருங்குவதை டிரைவருக்குச் சொல்லத் தண்டவாளத்தில் வெடி வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. சக்கரம் ஏறியதும் வெடிக்கும். அந்த நிலையில் அவர் மெதுவாகப் போவதுதான் உங்களுக்கும் நல்லது. நான் மனதார மன்னிக்கிற ஒரே தாமதம் இது.

வண்டி எங்கே இருக்கிறது என்று போனில் பார்ப்பவர்கள், அது புறப்பட்ட தேதியைச் சரியாகக் கொடுக்க வேண்டும். வந்து நிற்பது நேற்றைய வண்டி என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொல்லும் அந்தக் காலத்து ஜோக் இப்போது ஜோக் இல்லை. ‘நேற்று’ என்று அதற்குத் தனியாகவே ஒரு பொத்தான் இருக்கிறது.

பணம் திரும்பக் கிடைக்குமா? கிடைக்கும். நீங்கள் ஏறும் ஸ்டேஷனுக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நீங்களும் ஏறாமல் இருந்தால் முழுத்தொகை உண்டு. ஆன்லைன் டிக்கெட் என்றால், வண்டி அங்கிருந்து கிளம்புவதற்குள், பணத்தைத் திரும்பக் கேட்கும் டி.டி.ஆர். விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். ஏறி உட்கார்ந்தால் போச்சு. ஆகவே பயப்பட வேண்டியது பத்து மணி நேரத் தாமதத்துக்கு அல்ல, இரண்டே முக்கால் மணி நேரத் தாமதத்துக்கு. அதில் பணமும் கிடைக்காது, வண்டியும் கிடைக்காது. ‘தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்ற அறிவிப்புதான் அலுக்காமல் கிடைக்கும்.

எல்லா வண்டியும் நேரத்துக்கு ஓடியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2020 ஜூலை 1 அன்று நம் ரயில்வே தன் வரலாற்றிலேயே முதல்முறையாக 100 சதவீத நேரந்தவறாமையை எட்டியது. அன்று ஓடியவை 201 வண்டிகள். நாடே கொரோனாவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அதாவது, நீங்கள் வீட்டில் இருந்தால் போதும்.

அப்படியும் புறப்பட்டுவிட்டீர்கள் என்றால், பெரம்பூர் தாண்டியதும் பெட்டியை இறக்காதீர்கள். பேசின்பிரிட்ஜ் பக்கம் அவுட்டரில் போடுவார்கள். மொத்தக் கோச்சும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைபாதையில் நிற்கும்; மேக்கப் ஆசாமி வாசலில் நின்று, “சென்ட்ரல் தெரியுது” என்பார். உட்கார்ந்தே இருங்கள். பிளாட்பாரத்தில் காத்திருக்கும் வீட்டுக்காரம்மா, “என்னங்க, இவ்வளவு லேட்டு?” என்று கேட்டால் கடிகாரத்தைப் பாருங்கள். பதினான்கு நிமிடம்தான் என்றால் நீங்கள் லேட்டே இல்லை. அதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதில் ரயில்வே பொறுப்பேற்காது.