கயிறு இழுபடும்போது

கேள்வி: பள்ளியில் சக மாணவர்களைச் சீண்டுவதை எதிர்த்துச் சின்னப் பிள்ளைகளே மேடையேறிப் பேசுகிறார்களாமே! பேசினால் திருந்திவிடுவார்களா?
– ஒரு வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: பேச்சுக்குத் திருந்துவதென்றால், நாம் கேட்ட மேடைப்பேச்சுக்கு இந்நேரம் தமிழ்நாடே துறவு பூண்டிருக்க வேண்டும்! குருகிராம் மாணவி அனுஷ்கா ஜாலி பேச்சோடு நிற்கவில்லை. தொல்லை தருபவர்களைப் பற்றிப் பெயர் சொல்லாமல் புகார் செய்ய ‘கவச்’ என்றொரு செயலியை உருவாக்கினார். 2022-ல், 13 வயதில், ‘ஷார்க் டேங்க் இந்தியா’ முதலீட்டாளர்களிடம் 50 லட்ச ரூபாயும் பெற்றார்.

உங்கள் ஊரில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கீழே போனவர் கயிற்றை இழுத்தால் தோணியில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் தூக்குவார். நம் பள்ளிகளில் பையன் வந்து சொன்னால், “நீ என்னடா பண்ணினே?” என்பதுதான் முதல் விசாரணை.

கேலிக்குள் சாதி இருந்தால் கதையே வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தொல்லை தாங்காமல் புகார் சொன்ன மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. அது யாரையும் மேலே தூக்காத கயிறு!

பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது. அதை ஆண்டுவிழா மேடையில் சொல்ல ஒன்பதாம் வகுப்பு மாணவியையே சிறப்பு விருந்தினராக அழைக்கலாம். பொன்னாடை கொஞ்சம் தரையில் புரளும், பரவாயில்லை.