வருமா வாசகர்

பட்டுத்தறிக்குப் பெயர்பெற்ற ஆரணியில், புத்தகம் படிப்போருக்கு நடுவே 'வருமா வாசகர்' என்று வகைப்படுத்தத்தக்க ஓர் இனம் உண்டு. புகழ்பெற்ற கதை ஒன்றை மூல ஆசிரியருக்குப் பின் வேறொருவர் நீட்டி எழுதினார் என்று கேள்விப்பட்டதும், அந்த நூலின் அட்டையைக்கூடத் திருப்பாமல், "கல்கி மாதிரி வருமா?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் டீயை உறிஞ்சத் தொடங்குவதே இவ்வினத்தின் முதல் இலக்கணம்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' தொடரை வாரவாரம் கிழித்துப் பாட்டனார் பைண்டு செய்துவைத்த ஐந்து பாகங்களும் இவர் வீட்டுப் பீரோவில், கல்யாணப் பட்டுக்கு அடுத்த தட்டில், வெள்ளை வேட்டித் துணிக்குள் உறங்குகின்றன. அதன் தொடர்ச்சியாக 'அமுதசுரபி' ஆசிரியர் விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி'க்கு அந்தத் தட்டில் இடமில்லை. ஆனால் கல்கி முடிக்காமல் மறைந்த 'அமரதாரா'வை அவருடைய மகள் ஆனந்தி எழுதி முடித்ததைப் பற்றிக் கேட்டால், "அது பெற்ற பெண், அந்தக் கை வேறு" என்று தம் சட்டத்துக்குத் தாமே விலக்கும் அளித்துவிடுவார்.

அறிவியல் புனைகதைக்கும் இதே நீதிமன்றம்தான். ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசையை அவர் இறந்தபின் பென்ஃபோர்டு, பேர், பிரின் ஆகிய மூவர் 1997 முதல் 1999 வரை ஆளுக்கொரு நாவலாக நீட்டியதை, "மூன்று பேர் சேர்ந்தும் ஓர் அசிமோவ் ஆகவில்லை" என்று படிக்காமலே தள்ளுபடி செய்வார். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' வரிசையை அவருடைய மகன் பிரையன், கெவின் ஆண்டர்சனுடன் சேர்ந்து தொடர்ந்ததைச் சொல்லிப் 'பெற்ற பிள்ளை' விலக்கை நினைவூட்டினால், அந்த விலக்கு ஆரணி எல்லையைத் தாண்டாது என்று தெரியவரும்.

இவ்வழக்கில் எதிர்வாதம் செய்யத் தகுதியுள்ளவர் பக்கத்துத் தறிக்காரரே. ஒரு பாவு, அதாவது சேலைக்கு நீளவாக்கில் ஓடும் நூல்தொகுதி, நெய்து தீரும்போது அதன் நுனிகளை அச்சிலும் விழுதிலும் விட்டுவைத்து, புதுப்பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பது தறியின் வழக்கம். அப்பிணைப்பு முழுவதும் அச்சைத் தாண்டிய பிறகே அடுத்த சேலை தொடங்கும். "அச்சும் விழுதும் பழசுதான் சார், நூல்தான் புதுசு, சேலையப் பிரிச்சிப் பாக்காம மட்டம்னு எப்படிச் சொல்றது?" என்று அவர் கேட்கும்போது, வருமா வாசகர் டீக்கடை மேசையில் இல்லாத தூசியைத் துடைப்பார்.

பழைய நுனி அறுந்திருந்தால் பிணைக்க முடியாது. கல்கியோ நுனிகளைத் தாராளமாகவே விட்டுச் சென்றார். 'பொன்னியின் செல்வன்' கதையில் ஆதித்த கரிகாலன் யார் கையால் இறந்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் கதையை முடித்து, பாத்திரங்களின் பிற்காலத்தை முடிவுரையில் சுருக்கமாகக் கூறினார். அந்த நுனிகளை வருமா வாசகராலும் சும்மா விட முடிவதில்லை. கொலை செய்தவன் யார், நந்தினி எங்கே போனாள் என்பதையெல்லாம் அவர் மாலைதோறும் டீக்கடையில், நாளுக்கொரு திருத்தத்துடன், அத்தியாயம் அத்தியாயமாக விவரிக்கிறார். எழுதப்படாத இந்த ஆறாம் பாகத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் எவரும், மரியாதை கருதி, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை.