பெண்டு எடுப்பது யார் உரிமை? சைக்கிள் சக்கரவியலுக்கு ஒரு பாயிரம்

சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பி கோத்துப் பெண்டு எடுப்பது, அதாவது கோணலை நிமிர்த்துவது, ஓட்டுபவர் கடமையா, கடைக்காரர் உரிமையா? கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூர் வட்டாரத்தில் இந்த வழக்கு இன்னும் நிலுவையில் கிடக்கிறது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோதும் இதை விசாரிக்க அதிகாரி எவரும் நியமிக்கப்படவில்லை.

வரலாற்றுச் சான்றுகள் இரு தரப்புக்கும் வளைந்துகொடுக்கின்றன. 1874-இல் கோவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மாட்டுவண்டியில் ஆரக்கால் குடத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கும். சைக்கிளிலோ மெல்லிய கம்பி ரிம்மை இழுத்துப் பிடிக்கும். இந்தச் சூட்சுமம் தெரியாதவர் கம்பியைத் தொடவே கூடாது என்பது கடை மரபினர் கொள்கை. சொந்தக்கை மரபினருக்கு வேதம் தந்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஜோப்ஸ்ட் பிராண்ட். சக்கரம் கட்டுவதற்கென்றே 1981-இல் ஒரு முழுப் புத்தகம் வெளியிட்டார்.

பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. மிதிக்கும் விசையோடு உர மூட்டையும் மச்சானும் பின்னால் ஏறுவதால் இந்த ஓரவஞ்சனை நியாயமே.

சொந்தக்கை மரபு சறுக்கும் இடம், கம்பியை ரிம்மோடு இறுக்கும் திருகான நிப்பிள். டியூப் பக்கமிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகத் திருக இறுகும். ஹப் பக்கமிருந்து பார்ப்பவருக்கு அதுவே இடஞ்சுழி. வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கும் புதியவர், இறுக்குவதாக எண்ணித் தளர்த்துவார்; கோணல் கூடக்கூட ஊக்கமும் கூடும். கம்பி ஒரு நூல் நீளம் அதிகமானாலோ, நிப்பிளைத் தாண்டித் தலைநீட்டி டியூபை உள்ளிருந்தே குத்தும். ஆணியே இல்லாத சாலையில் பஞ்சராகும் மர்மம் இப்படித்தான் துலங்குகிறது.

கடைக்காரரின் ஆய்வுக்கூடமோ ஒரு சாக்பீஸும் காதும். சுற்றும் ரிம்மருகே சாக்பீஸைப் பிடித்தால் துருத்திய இடத்தில் கோடு விழும். கம்பியைச் சுண்டினால் சுருதி சொல்லும்: இழுவை நான்கு மடங்கானால் நாதம் ஒரு ஸ்தாயி ஏறும். இயற்பியல் புத்தகமும் இதையே சொல்கிறது, வெற்றிலை மெல்லாமல். பிறகு கால் சுற்று, அரைச் சுற்று என்று சாவி நகரும். இவ்விடத்தில் கட்டுரையாளரின் நடுநிலை கடைப் பக்கம் சாய்வதை மறைப்பதற்கில்லை.

எனினும் களத்தில் மூன்றாவது மரபு ஒன்று உண்டு. நூல்கள் அதைப் பதிவு செய்யவில்லை. பின்சக்கரக் கம்பி ஒன்று அறுந்ததும் ரிம் எதிர்ப்பக்கம் ஒதுங்கி பிரேக் கட்டையில் உரசும். இம்மரபினர் கம்பி வாங்குவதில்லை, கடைக்கும் போவதில்லை. பிரேக்கைத் தளர்த்திவிட்டு, மீதி 39 கம்பிகளை நம்பி அறுவடை வரை ஓட்டுகிறார்கள். 2001-02இல் தொடங்கிய அரசின் விலையில்லா சைக்கிள் திட்டத்தில் வண்டி பெற்ற பிள்ளைகளிடமும் இம்மரபுக்குச் சீடர்கள் குறைவில்லை. நிறுத்துவதற்குச் செருப்பு இருக்கிறது.