பளிங்குக் கணப்பு

கேள்வி: விக்டோரியா காலத்து மாளிகைகளில் கணப்பைச் சுற்றிப் பளிங்கில் செதுக்கி வைத்தது குளிருக்கா, கௌரவத்துக்கா?
– வாசகர், படப்பை

பதில்: தீ குளிருக்கு; பளிங்கு பக்கத்து ஊர்ப் பிரபுவின் வயிற்றெரிச்சலுக்கு! திறந்த கணப்பின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். அடுப்பின் ஆழத்தைக் குறைத்து, புகைபோக்கியின் கழுத்தை நெருக்கினால் போதும் என்று ரம்ஃபோர்டு பிரபு 1790-களிலேயே வழி சொல்லிவிட்டார். சீமான்களுக்கோ இத்தாலியின் கராரா வெள்ளைக் கல்லில் திராட்சைக் கொத்து சரியாக விழுந்ததா என்பதே கவலை. எதிரே உட்கார்ந்தவருக்கு முகம் வறுபடும், முதுகு விறைக்கும்.

ஊட்டிக்கு வந்த துரைமார் கணப்பையும் விடவில்லை.

பங்களாக்களின் விறகுப் பசிக்குச் சோலைக்காடு தாளவில்லை. 1843-இல் ஆஸ்திரேலிய யூகலிப்டஸை நீலகிரியில் நட்டார்கள். சுற்றுலா போனவர்கள் தலைவலிக்கு வாங்கிவரும் நீலகிரித் தைலம் அதன் இலையில் வடித்ததுதான்.