கோட்டு சூட்டுக்குள் மீன் குடித்தனம்

கே: சிலை வைக்கத் தரையில் இடமா இல்லை? கடலுக்கடியில் கொண்டுபோய் வைக்கிறார்களாமே!

ப: தரையில் வைத்தால் காக்கை வந்து உட்காரும், கடலில் பவளம் வந்து உட்காரும். ஜேசன் டிகெய்ர்ஸ் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சிற்பி 2006-ல் கரீபியன் தீவான கிரெனடாவில் ஆரம்பித்த வேலை இது. 2004-ல் இவான் புயல் அடித்துச் சிதைத்த கடற்பகுதி அது. அங்கே கடலுக்கடியில் ஒரு சிற்பப் பூங்காவே அமைத்தார்.

கே: கடலில் சிமென்டைக் கொட்டுவது மாசு இல்லையா?

ப: வீடு கட்டும் சிமென்டைக் கொட்டினால் வம்புதான். அதன் காரத்தன்மை பவளக் குஞ்சுகளுக்கு ஆகாது. டெய்லர் காரம் குறைத்த சிமென்டைப் பயன்படுத்துகிறார். மேற்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக விடுகிறார். பவளக் குஞ்சு ஒட்டி வளரக் கெட்டியான பிடிமானம் வேண்டும், வெறும் மணலில் அதனால் நிலைக்க முடியாது. அதனால்தான் பாறை இல்லாத மணல்வெளியாகப் பார்த்து இறக்குகிறார்கள்.

கே: இதில் உங்களுக்குப் பிடித்த சிலை எது?

ப: மெக்ஸிகோவின் கான்கூனில் இருக்கும் 'பேங்கர்கள்'. கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் மண்டியிட்டு, தலையை மணலுக்குள் புதைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடல் நாசமாவதைப் பார்க்க மறுக்கிறார்களாம். உடம்புக்குக் கீழே உள்ள இடைவெளி மீன்களுக்காக விட்டது. பேங்கர் ஒருவர் வாடகை வாங்காமல் இடம் கொடுப்பதை வேறெங்கே பார்க்க முடியும்!

பக்கத்திலேயே ஒரு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரும் கிடக்கிறது. அசல் அளவு, முழுக்க சிமென்ட். உள்ளே சிங்கி இறால் தங்குவதற்கு வசதி. அப்புறம் 'மௌனப் பரிணாமம்': நானூறுக்கும் மேற்பட்ட ஆள் உயரச் சிலைகள் கூட்டமாக நிற்கின்றன. உள்ளூர் ஜனங்களை நிற்கவைத்து அச்செடுத்தவை. போட்டோவில் பார்த்தாலே போதும், சில முகங்களில் மூக்கு எது, கடற்பஞ்சு எது என்று தெரியவில்லை. சிற்பி பாதி செய்து கொடுத்தார், மீதியைக் கடல் செய்துகொண்டிருக்கிறது.

கே: கான்கூனுக்கு ஏன் இத்தனை சிலை?

ப: கூட்டத்தைத் திசைதிருப்பத்தான். அங்குள்ள கடல் பூங்காவுக்கு வருஷத்துக்கு ஏழு லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். முக்குளிப்பவர்களின் கால் துடுப்பு பட்டு, கை பட்டு அசல் பவளம் நொறுங்கிப்போனது. 'இதைத் தொடாதே' என்றால் யார் கேட்கிறார்கள்? 'அங்கே இன்னொன்று இருக்கிறது பார்' என்றால் எல்லோரும் போகிறார்கள்.

கே: கிரெனடாவில் கைகோர்த்து வட்டமாக நிற்கும் குழந்தைகள், அடிமைக் கப்பலிலிருந்து கடலில் வீசப்பட்ட ஆப்பிரிக்கர்களா?

ப: பார்த்தவர்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். தான் அதை நினைத்துச் செய்யவில்லை என்றார் டெய்லர். ஆனால் அட்லாண்டிக் கடலில் நடந்த அந்தக் கொடுமைகள் கரீபியன் மக்களின் நினைவில் இருக்கின்றன. அங்கே போய்க் குழந்தைச் சிலையை இறக்கினால் வேறென்ன தோன்றும்? இந்த வழக்கில் நான் பார்வையாளர் பக்கம்.

கே: மாலத்தீவில் இவர் வைத்த சிலைகளை உடைத்துவிட்டார்களே?

ப: ஆமாம், 2018-ல். ஜூலையில் திறந்தார்கள், செப்டம்பரில் அரசே கடப்பாரையோடு ஆட்களை இறக்கியது. மனித உருவம் வைப்பது மதத்துக்கு விரோதம் என்று புகார். உடைத்தது ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால். அப்போதைய ஜனாதிபதி யமீன் அந்தத் தேர்தலில் தோற்றுப்போனார். சிலைகளும் போயின, பதவியும் போயிற்று.

கே: இதனால் பவளப்பாறைகள் பிழைத்துவிடுமா?

ப: பிழைக்காது. கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நீடித்தால் போதும். பவளம் தனக்குள் குடியிருந்து சோறு போடும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. உலகளாவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். சிலைமேல் வளர்ந்த பவளத்துக்கு மட்டும் சலுகை கிடையாது. பேங்கரின் முதுகிலும் அது வெளுக்கும்.

கே: நம் மன்னார் வளைகுடாவில் இப்படி வைத்தால் என்ன?

ப: சிலை இல்லை, ஆனால் சிமென்ட் ஏற்கெனவே இறங்கிவிட்டது. சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளத்தை வெட்டினோம். 21 தீவுகளில் இரண்டு முழுகிவிட்டன. தூத்துக்குடி பக்கத்து வான் தீவு தேய்ந்துகொண்டே வந்ததால், அலையைத் தடுக்கவும் பவளம் வளரவும் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். அழகாக இருக்காது. மீன் அதைப் பற்றிப் புகார் சொல்வதில்லை.

கே: எனக்கு நீச்சல் தெரியாது. பார்க்க வழி உண்டா?

ப: கான்கூனில் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது. அதுவும் பயமென்றால் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் போங்கள். 2019-ல் வைத்த 'கடல் மோகினி' தண்ணீருக்கு மேலேயே நிற்கிறாள். கிரேட் பேரியர் ரீஃபில் இருக்கும் ஒரு நிலையம் அனுப்பும் வெப்பநிலைக்கு ஏற்ப அவள் மேனியின் விளக்குகள் நிறம் மாறும். நீலம் என்றால் சௌக்கியம், சிவப்பு என்றால் கடல் கொதிக்கிறது. கரையில் நின்று பார்க்க டிக்கெட் கிடையாது. டவுன்ஸ்வில் போகத்தான் டிக்கெட்.