நியூட்ரல் மாப்ளை

வாங்க மாப்ளே, வாங்க. புது டிராக்டராமே? 50 குதிரைத் திறனாமே? ஏற்காட்டு எஸ்டேட்டுல சில்வர் ஓக் மரம் அறுத்துட்டாங்க, லோடு இறக்கறது நான்தான்னு அடிவாரம் பூரா சொல்லிட்டுத் திரியறீங்களாம். ட்ரெய்லரும் புதுசு. பூசை போட்டு நசுக்கின எலுமிச்சம்பழத்தோட ஈரம்கூட இன்னும் காயல.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. அந்த 50 குதிரையும் மேல ஏறத்தான். கீழ வர்றப்ப ட்ரெய்லர்தான் ஓட்டும், நீ சும்மா முன்னாடி குந்தியிருப்பே. அதுல ஏதாச்சும் பிரேக் இருக்கான்னு குனிஞ்சு பார்த்தியா? நம்மூர்ல பாதி ட்ரெய்லருக்குக் கிடையாது. டிராக்டருக்கும் பின் சக்கரத்துல மட்டும்தான். முன் சக்கரம் திரும்பறதோட சரி.

மாப்ளை கணக்குல புலி. நியூட்ரல்ல உருட்டினா டீசல் மிச்சம்னு போன வாரம் டீக்கடையில பாடம் நடத்தினியாமே. பாவம், எஞ்சினோட டீசல் பம்புக்குள்ள கவர்னர்னு ஒருத்தன் இருக்கிறது உனக்குத் தெரியல. ஆக்சிலரேட்டரைக் குறைச்சுக் கியர்ல விட்டேன்னா சக்கரமே எஞ்சினைச் சுத்தும், கவர்னர் டீசலை நிறுத்திடுவான். நியூட்ரல்ல போட்டா எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கணும், டீசல் குடிச்சாகணும். ஆக நீ மிச்சம் பிடிச்சது பிரேக்கைத்தான் தின்னிருக்கு.

எவ்வளவு தின்னும்னு கேளு. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவுல சுமார் 1,200 மீட்டர் உயர வித்தியாசம். வண்டியும் மரமும் சேர்த்து 5 டன்னுன்னு வச்சுக்க. அவ்வளவும் கீழ வர்றதுக்குள்ள 16 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு எங்கயாச்சும் போயாகணும். 1,000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டியை 16 மணி நேரம் அணைக்காம வச்ச மாதிரி. அத்தனையையும் பிரேக்கு மேலயே கொட்டினா அதுவும் எவ்வளவுதான் தாங்கும்? முதல்ல நாறும். அப்புறம் காலை எவ்வளவு அமுக்கினாலும் பிடிக்காது. அந்த நேரத்துல சேர்வராயன் சாமியைக் கூப்பிடுவே. அவர் மலை உச்சியில குகைக்குள்ள இருக்காரு, நீ எட்டாவது வளைவுல இருப்பே.

அதனால இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடியே, மேலயே, எந்தக் கியர்ல முக்கி முக்கி ஏறினியோ அந்தக் கியரைப் போட்டுடு. இன்னும் ஒண்ணு குறைச்சாலும் யாரும் கேலி பண்ண மாட்டாங்க, நான் வேணா பண்ணுவேன். நடுவழியில கியர் மாத்தலாம்னு கிளட்ச்சை அமுக்கினியோ, அந்த நொடியே நியூட்ரல்தான். வேகம் ஏறிடுச்சுன்னா திரும்பக் கியர் விழாது, கறகறன்னு கத்தும். வேகம் மிஞ்சறப்ப மட்டும் பிரேக்கை அழுத்தமா ஒரு அமுக்கு, குறைஞ்சதும் காலை எடுத்துடு. மாமனார் வீட்டுத் திண்ணையா அது, காலை எந்நேரமும் மேலயே வச்சிருக்க? வளைவுக்குள்ள போயி அமுக்கற வேலையும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, எதுலயாச்சும் ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ளி டிராக்டரைக் குறுக்கால மடக்கிப் போட்டுடும்.

மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு இந்த மலையில இருந்து பாக்சைட் ஏத்திட்டுப் போன லாரிக்காரங்க எல்லாம் சின்னக் கியர்ல எஞ்சினை உறும விட்டுத்தான் இறங்குவாங்க. இப்ப பசங்களுக்கு அந்தச் சத்தம் கவுரவக் குறைச்சலாப் போச்சு. இந்தா பக்கத்துல தொப்பூர்க் கணவாய், தேசிய நெடுஞ்சாலை, நல்ல அகலமான ரோடு. நியூட்ரல்ல வராதே, வராதேன்னு சொல்லியே போலீசுக்குத் தொண்டை வறண்டுபோச்சு. 2024 ஜனவரியில அந்த இறக்கத்துப் பாலத்துல ஒரு லாரி முன்னாடி போன வண்டிகளை இடிச்சு நொறுக்கினதுல 4 பேர் செத்தாங்க. அங்க கொண்டை ஊசி வளைவு ஒண்ணுகூடக் கிடையாது.

மலை ரோடு குறுகலான இடத்துல, எதிர்ல ஏறி வர்றவனுக்கு இறங்கற நீதான் ஒதுங்கி வழி விடணும். புது டிராக்டர்னு சட்டம் சலுகை தராது.

எங்கடா கிளம்பிட்டே? உன் டிராக்டர்ல இடது பின் சக்கரத்துக்கு ஒரு பிரேக் பெடல், வலதுக்கு ஒண்ணு, தனித்தனியா இருக்கு பாரு. அது உழவு நிலத்துல பட்டுன்னு திரும்பறதுக்கு. ரோட்டுல ஒண்ணை மட்டும் மிதிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துப் பள்ளத்துக்குள்ள போயிடும். ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிற கொக்கி கீழேயே தொங்குது. குனிஞ்சு அதை மாட்டிட்டு அப்புறம் கிளம்பு.