தெப்பக்காட்டில் பீர் விழா: ஒரு சாத்தியக்கூற்று ஆய்வு

பீப்பாயில் அடைக்கப்பட்ட பிறகும் ஈஸ்ட் உயிரோடிருந்து நொதித்தலைத் தொடர்வதும், வெளியிலிருந்து கரியமில வாயு ஏற்றப்படாமலேயே கைப்பம்பின் வழியாகக் கோப்பைக்கு வந்து சேர்வதுமான பீர் வகையை ஆங்கிலேயர் ‘ரியல் ஏல்’ என்பர். பெருநிறுவனங்கள் ஈஸ்டை வடிகட்டி, வாயுவை ஏற்றி விற்ற பீரைக் குடித்து மனம் கசந்த நான்கு ஆங்கிலேய இளைஞர்கள் 1971-ஆம் ஆண்டு அயர்லாந்துக்கு விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, இந்தப் பழைய வகையைக் காப்பதற்கென்றே ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். குடிப்பவர் புலம்புவது உலகெங்கும் காணப்படும் இயல்பே எனினும், அப்புலம்பல் ஓர் அமைப்பாக உருவெடுத்து, உறுப்பினர் கட்டணம் வசூலித்து, அரை நூற்றாண்டைக் கடந்தும் நிலைத்திருப்பது அரிதான நிகழ்ச்சியாகும்.

அவ்வியக்கத்தினர் ஊர்தோறும் நடத்தும் விழாக்களில் பீப்பாய் உருட்டுவது முதல் கோப்பை கழுவுவது வரை எல்லா வேலைகளையும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே செய்கின்றனர். வாசலில் நிற்கும் தன்னார்வலர் வருவோரை முகமலர்ந்து வரவேற்று, விழாச் சின்னம் பொறித்த கோப்பை ஒன்றை முன்பணம் பெற்றுக்கொண்டு தருவார். திரும்பும்போது கோப்பையைக் கொடுத்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும். உள்ளே நிற்பவரோ ஒவ்வொரு பீப்பாயின் பிறந்த ஊர், மால்ட்டின் நிறம், கசப்பைத் தரும் ஹாப்ஸ் பூவின் குலம் ஆகியவற்றைக் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் விரித்துரைப்பார். தமிழ்நாட்டில் இதற்கு இணையான விரித்துரை, பெண் பார்க்கும் நிகழ்ச்சியில் தரகர் ஆற்றுவது ஒன்றே.

இத்தகைய விழாவை நீலகிரியில் நடத்தினால் என்ன என்ற கேள்வி முற்றிலும் அடிப்படையற்றதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இம்மலையில் பீர் காய்ச்சும் சாலைகளை நடத்தியிருக்கின்றனர். மேலும், ரியல் ஏலைப் பரிமாறுவதற்கு உகந்ததெனக் கூறப்படும் 11 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையை இங்கிலாந்தில் நிலவறை தோண்டி அடைகிறார்கள். ஊட்டியிலோ அது பல மாதங்களில் சன்னலைத் திறந்தாலே கிடைத்துவிடுகிறது. எனினும் ஊட்டியில் கோடை விழா, மலர்க் கண்காட்சி ஆகியவற்றுக்கு வரும் கூட்டத்தைச் சமாளிக்கவே நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே மாதம் முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை கொண்டுவர நேர்ந்த நிலையில், இன்னொரு விழாவை அதன் தலையில் ஏற்றுவது அறமாகாது. ஆகவே இவ்வாய்வு மலையின் வடக்குச் சரிவில் இறங்கி, மாயாற்றங்கரையில் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள் அமைந்திருக்கும் தெப்பக்காட்டை எடுத்துக்கொள்கிறது. மைசூருச் சாலையும் மசினகுடிச் சாலையும் கூடும் அவ்விடத்தில், ஏறத்தாழ நூற்றாண்டுப் பழமை வாய்ந்த யானைகள் முகாம் இருக்கிறது. வருவோரை வரவேற்றுப் பழகிய ஊர் என்ற தகுதி அதற்கு உண்டு.

தெப்பக்காட்டு விழா எதுவாயினும் அதன் முதன்மை விருந்தினர் யானையே என்பதால், யானைக்கும் மதுவுக்கும் உள்ள உறவை முதலில் ஆராய வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவில் மருலா என்னும் மரத்தின் பழுத்துப் புளித்த கனிகளைத் தின்று யானைகள் தள்ளாடுகின்றன என்பது நெடுங்காலக் கதை. 2006-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் யானையின் எடையையும் கனியில் உண்டாகக்கூடிய ஆல்கஹாலின் அளவையும் கணக்கிட்டு, இயல்பாக மேயும் யானைக்கு இவ்வழியில் போதை ஏறுவது நடவாத காரியம் என்று தீர்ப்பளித்தனர். ஆனால் அக்கணக்கு, மனிதனுக்கு இருக்கும் தாங்குதிறன் யானைக்கும் இருக்கும் என்று கருதிக்கொண்டு போடப்பட்டது. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்றோ, ஆல்கஹாலை உடைக்கும் நொதிகளுள் ஒன்றை உருவாக்கும் மரபணு மனிதனிடத்தும் சிம்பன்சியிடத்தும் கொரில்லாவிடத்தும் நன்கு கூர்மைப்பட்டிருக்க, யானையிடத்தில் அது செயலிழந்து கிடக்கிறது என்று காட்டிற்று. சில ஆயிரம் கிலோ எடையுள்ள உயிர் குடியைத் தாங்காது என்பதும், அறுபது கிலோ எடையுள்ள உயிர் தாங்கும் என்பதும் இயற்கை செய்த குளறுபடி. தாங்கும் திறன் பெற்ற இனம் அதை எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதை மாலை ஏழு மணிக்கு எந்த டாஸ்மாக் வாசலிலும் நேரில் ஆராயலாம்.

களத்திலிருந்தும் சான்று உண்டு. 2022 நவம்பரில் ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் கிராமத்தார் இலுப்பைப் பூவை ஊறல் போட்டு வைத்திருந்த பானைகள் உடைந்து கிடக்க, அருகே 24 யானைகள் அயர்ந்து உறங்கியதாகவும், வனத்துறையினர் பறையடித்து அவற்றை எழுப்பியதாகவும் செய்தி வந்தது. அவை உண்மையிலேயே ஊறலைக் குடித்தனவா, வெறுமனே களைத்து உறங்கினவா என்பதை வனத்துறையினர் உறுதி செய்யவில்லை. ஊறல் போட்டவர்கள் மட்டும் உறுதியாக இருந்தனர். பானை காலியானதற்கு யானையைக் காட்டிலும் பெரிய சாக்கு எங்கே கிடைக்கும்?

அடுத்தது கோப்பைச் சிக்கல். இங்கிலாந்து விழாவின் முன்பண முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அதன் தாய்வீடு நீலகிரியே என்று கூடத் துணிந்து சொல்லலாம். காட்டில் எறியப்படும் மதுப்புட்டிகள் உடைந்து யானை முதலிய விலங்குகளின் பாதங்களைக் கிழிப்பதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம் அதற்கொரு வழி செய்யும்படி வலியுறுத்தியதை அடுத்து, 2022 மே மாதத்தில் டாஸ்மாக் நிறுவனம் இம்மாவட்டத்தில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப்புட்டி திரும்பினால் அப்பணத்தைத் திருப்பித் தரும் திட்டத்தைத் தொடங்கியது. யானையின் உள்ளங்கால் ஒவ்வோர் அடியிலும் பேரெடையைத் தாங்குவதாகையால், அதில் ஏறிய கண்ணாடிச் சில் எளிதில் வெளிவருவதில்லை. புண் சீழ்பிடித்து உயிரையே வாங்கக்கூடும். இரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமை வரவேற்பில்தான். அங்கே கோப்பையை நீட்டுபவர் புன்னகைக்கிறார்; இங்கே கம்பிவலைக்குப் பின்னால் ஒரு கை மட்டும் தெரிகிறது. அக்கையிடம் ஹாப்ஸ் பூவின் குலம் கேட்கும் துணிவு இதுவரை எவருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

தன்னார்வலர்களுக்கு மட்டும் தெப்பக்காட்டில் பஞ்சமில்லை. எவரும் நியமிக்காமலும் ஊதியம் எதிர்பாராமலும், வந்து நிற்கும் ஒவ்வொரு வாகனத்தின் கூரையிலும் ஏறி, பையைச் சோதித்து, தின்பண்டங்களைப் பறிமுதல் செய்து, தடயமே இன்றி அழிக்கும் குரங்குகள் அங்கே காலை முதல் மாலை வரை கடமையில் இருக்கின்றன. அவற்றிடம் ஒரு பீப்பாயை ஒப்படைத்தால் விளைவு என்னாகும் என்பதை இவ்வாய்வு கற்பனைக்கு விட்டுவிடுகிறது.

மெய்யாகவே அங்கு நடக்கும் விழா, சனவரி மாதத்து யானைப் பொங்கல். மாயாற்றில் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை அணிவித்த யானைகள் வரிசையில் நிற்க, பாகர்களும், காவடி எனப்படும் துணைப்பாகர்களும், அவர்தம் குடும்பத்தாரும் பொங்கல் வைப்பர். இவர்களுள் பலர் தலைமுறை தலைமுறையாக யானையோடு வாழும் குறும்பர், இருளர் முதலிய பழங்குடியினர். கரும்பும் வெல்லமும் தேங்காயும் அன்றைக்குச் சிறப்பு. மற்ற நாள்களில் கேழ்வரகு, கொள்ளு, அரிசி ஆகியவற்றை வேகவைத்து, உப்பும் வெல்லமும் தாதுக் கலவையும் சேர்த்துப் பிசைந்த உருண்டைகள், ஒவ்வொரு யானைக்கும் கால்நடை மருத்துவர் வகுத்த அளவுப்படி வழங்கப்படுகின்றன.

இங்கே வரவேற்பின் இலக்கணம் தலைகீழாகிறது. இங்கிலாந்தில் விருந்தினருக்கு ஊட்டுவது விழா; தெப்பக்காட்டில் விருந்தினரை ஊட்டவிடாமல் தடுப்பதே விழா. சற்றுமுன் வாங்கிய வாழைப்பழத்தைக் கையில் பிடித்தபடி தடுப்புக்கு வெளியே தவிப்பவரிடம், எதிரே நிற்கும் யானை நீரிழிவுக்காரர் அளவுக்குப் பத்தியம் காக்கும் பெரியவர் என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்ல ஒரு வனக்காவலர் வேண்டியிருக்கிறது. ‘தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்’ ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் பெற்றபின், அதில் தோன்றிய ரகு என்னும் முகாம் யானையை மட்டும் தேடி வந்து, தம் வருகையை அது கவனித்தே தீரும் என்று நம்பிக் கைப்பேசியை உயர்த்தியவர்கள் ஏராளம். ரகுவின் கவனம் உருண்டையில் இருந்தது.

ஆய்வின் கடைசிப் பகுதி நேரத்தைப் பற்றியது. பீர் விழா சூடு பிடிப்பது இரவில். பந்திப்பூரை நோக்கிச் செல்லும் சாலையிலோ இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை பொதுவான வாகனப் போக்குவரத்துக்குத் தடை. ஆகவே கண்ணாடி இல்லாமலும், இசை இல்லாமலும், யானைக்கு எட்டும் மணம் இல்லாமலும், இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு திரும்பும்படியும் தெப்பக்காட்டில் ஒரு பீர் விழா நடத்துவதற்குத் தடையேதும் இருக்காது. மிஞ்சும் ஒரே ஐயம் பீரைப் பற்றியது. அதையும் விலக்கிவிட்டு, பதிலுக்குக் கேழ்வரகைப் பிசைந்து வைத்தால், அனுமதி கோரி எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.